குட்டைக் கவுனி: அடங்கிய மரபணு என்று நாங்கள் நம்பிய ஏழு மாதங்கள்

மாசிக் கடைசி. அறுப்புக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க்குக் கீழே இருக்கும் வயலில் கருப்புக் கவுனி வழக்கம்போலப் படுத்துக் கிடந்தது. கவுனி நெஞ்சுக்கு மேல் வளரும் நெல். கதிர் முற்றிய நேரத்தில் ஒரு காற்று அடித்தால் போதும், பாய் விரித்த மாதிரி சாய்ந்துவிடும். அப்புறம் எந்திரத்தை இறக்க முடியாது, ஆள் விட்டுத்தான் அறுக்க வேண்டும். அந்தப் பாய்க்கு நடுவே மூன்று செடிகள் மட்டும் இடுப்பளவில் விறைப்பாக நின்றன.

அப்பத்தா பார்த்த உடனே "கலவன்" என்றார். வேறு ரகத்து நெல் கலந்து முளைத்தது என்று அர்த்தம். ஒன்றை வேரோடு பிடுங்கி வரப்பில் போட்டார். அடுத்ததில் கை வைப்பதற்குள் நான் ஓடிப்போய்த் தடுத்தேன். பிடுங்கிய செடியிலிருந்து ஒரு நெல்லை எடுத்து நகத்தால் உமியை உரித்துப் பார்த்தேன். உள்ளே அரிசி கறுப்பாக இருந்தது.

"கலவன்னா வெள்ளையால்ல இருக்கணும், அப்பத்தா?"

"கறுப்பா இருந்தா மட்டும் கவுனி ஆயிருமாத்தா?" என்று கேட்டுவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் அப்போது காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். தலைப்பு, நெல் தண்டின் நீட்சியில் ஜிப்ரெலின் ஹார்மோனும் அதன் மரபணு ஒழுங்காக்கமும். அப்படிப்பட்ட ஆளுக்குத் தன் வீட்டு வயலிலேயே சாயாத, கறுப்பு அரிசி உள்ள குட்டைச் செடி கிடைத்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று செடிகளின் கதிர்களையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு எடுத்துக்கொண்டேன். அந்தக் கதிர்களை வைத்துச் செய்த வேலையில் ஏழு மாதம் தவறான பாதையில் போனது. எந்த இடத்தில் வழி தவறியது, எது திருப்பிவிட்டது என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். மரபணு ஒழுங்காக்கத்தில் வேலை செய்யும் யாரும் இதே இடத்தில் தடுக்கி விழலாம்.

குட்டை என்றதும் ஏன் ஜிப்ரெலின்

1926இல் தைவானில் வேலை பார்த்த எய்இச்சி குரோசாவா என்ற ஜப்பானிய ஆய்வாளர், நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் வெளிறி, தாறுமாறாக நீண்டு, கடைசியில் மணி பிடிக்காமல் போகும் நோயை ஆராய்ந்தார். ஜப்பானிய மொழியில் அந்த நோய்க்கு 'பக்கானே' என்று பெயர். மூட நாற்று என்று பொருள். நோய்க்குக் காரணமான பூஞ்சை ஏதோ ஒரு பொருளைக் கசியவிடுகிறது, அந்தக் கசிவை மட்டும் கொடுத்தாலே நாற்று நீள்கிறது என்று அவர் காட்டினார். 1935இல் தெய்ஜிரோ யாபுதா அதற்கு ஜிப்ரெலின் என்று பெயர் வைத்தார். அதே பொருளைச் செடியும் தானே தயாரிக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

செடிக்குள் அது வேலை செய்யும் விதத்தை எங்கள் ஊர் ஆளுக்குச் சொல்வதென்றால் கண்மாய் மடையை வைத்துச் சொல்லலாம். வளர்ச்சிக்கான மரபணுக்களை எஸ்.எல்.ஆர்.1 என்ற புரதம் மடைப் பலகை மாதிரி அடைத்து நிற்கிறது. ஜிப்ரெலின் வந்ததும் ஜி.ஐ.டி.1 என்ற ஏற்பியில் உட்காருகிறது. இரண்டும் சேர்ந்து பலகையைப் பிடிக்கின்றன. செல் அந்தப் பலகையைச் சிதைத்துத் தள்ளுகிறது, அடைபட்டிருந்த மரபணுக்கள் ஓடத் தொடங்குகின்றன, கணுவிடை நீள்கிறது. அந்த ஏற்பியை உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்ததே நெல்லில்தான், 2005இல்.

ஆக, ஒரு நெல் ஜிப்ரெலின் வழியில் குட்டையானால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஹார்மோனைத் தயாரிக்கும் இடத்தில் கோளாறு, இல்லையென்றால் வந்த ஹார்மோனை உணரும் இடத்தில் கோளாறு. இதைப் பிரிப்பது சுலபம். வெளியிலிருந்து ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதைத்தான் முதலில் செய்தேன். மூன்று குட்டைச் செடிகளின் விதையையும் வீட்டுக் கவுனி விதையையும் முளைக்கவைத்து, பாதி நாற்றுகளுக்கு 10 மைக்ரோமோலார் ஜிப்ரெலிக் அமிலம் கொடுத்தேன். அது தண்ணீரில் சரியாகக் கரையாது, எத்தனாலில் கரைத்துத்தான் சேர்க்க வேண்டும். அதனால் மீதிப் பாதிக்கு அதே அளவு எத்தனாலை மட்டும் சேர்த்தேன். ஒரு வாரத்தில் விடை கண்ணுக்கே தெரிந்தது. ஹார்மோன் கொடுக்காத குட்டை நாற்றுகள் குட்டையாகவே இருந்தன. கொடுத்தவை கவுனிக்குச் சமமாக நீண்டு நின்றன. இரண்டாம் இலையின் உறையை ஸ்கேல் வைத்து அளந்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. உணரும் பக்கம் நன்றாக இருக்கிறது, தயாரிப்பில்தான் குறை. இந்த முடிவு அன்றும் சரி, இன்றும் சரி.

கேள்வி வந்தது, நான் தள்ளிவிட்டேன்

நெல்லில் ஜிப்ரெலின் தயாரிப்புக் குறையால் வரும் குட்டைத்தன்மை என்றாலே எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எஸ்.டி.1 மரபணு. 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து வெளிவந்த ஐ.ஆர்.8 நெல்லைக் குட்டையாக்கியது அதுதான். உயரமான பேத்தா நெல்லோடு டீ-ஜியோ-வூ-ஜென் என்ற தைவான் குட்டை நெல்லைச் சேர்த்து உருவாக்கிய ரகம் அது. யூரியா போட்டாலும் சாயாமல் நின்றதால் ஆசியா முழுக்கப் பரவியது. அந்த மரபணு என்ன செய்கிறது என்பது 2002இல்தான் தெளிவானது. ஜிப்ரெலின் தயாரிப்பின் கடைசிக் கட்டங்களில் ஒன்றைச் செய்யும் ஜி.ஏ.20 ஆக்சிடேஸ் என்ற நொதிக்கான மரபணு அது. டீ-ஜியோ-வூ-ஜென்னில் அந்த மரபணுவின் டி.என்.ஏ.விலிருந்து 383 எழுத்துகள் விழுந்துபோயிருக்கின்றன. அதனால் நொதி பாதியில் நின்றுபோகிறது. நெல்லில் இதே வேலையைச் செய்யும் சகோதர மரபணுக்கள் வேறும் உண்டு. பூக்கும் பகுதியில் அவை ஈடுகட்டிவிடுவதால் தண்டு குட்டையானாலும் மணி பிடிப்பது கெடுவதில்லை.

என் வழிகாட்டி முதல் நாளே கேட்டார், "எஸ்.டி.1 பாத்தியாம்மா?"

"கவுனி பாரம்பரிய ரகம் மேடம். எங்க வீட்டு விதை. வெளி விதை உள்ளே வந்ததே இல்லை. அதுல ஐ.ஆர்.8 வழிக் குறைபாடு எப்படி வரும்?" என்றேன்.

நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர். அயல் மகரந்தம் சேர்வது பொதுவாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. மூன்றிலும் அரிசி கறுப்பாகவே இருந்தது. அதனால் என் பதில் அவருக்கும் நியாயமாகப் பட்டது. எஸ்.டி.1 மரபணு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அது எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்போம் என்று முடிவு செய்தோம். வழி தவறியது அந்த இடத்தில்தான். மரபணு எழுதப்பட்டிருக்கும் டி.என்.ஏ.வைப் பார்க்காமலே, அது ஓடும்போது செல் எடுக்கும் நகலான ஆர்.என்.ஏ.வுக்குப் போய்விட்டோம்.

முதல் முடிவு

ஆர்.என்.ஏ. எடுப்பதற்கு இலையை நறுக்கிய உடனே திரவ நைட்ரஜனில் உறையவைக்க வேண்டும். எங்களுக்கு அது தினமும் கிடைப்பதில்லை. வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற மாதிரி நாற்று விடுவோம். உரலில் நைட்ரஜன் புகையப் புகைய இலையை இடித்து, மாவாகி வெளிறிய பச்சைத் தூள் உருகும் முன் குழாயில் தள்ளுவது அவ்வளவு பதற்றமான வேலை. அப்புறம் ஆர்.என்.ஏ.வை நொதி வைத்து டி.என்.ஏ. நகலாக மாற்றி, ரியல்டைம் பி.சி.ஆர். எந்திரத்தில் வைக்க வேண்டும்.

எந்திரம் ஒவ்வொரு சுற்றிலும் நகலை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். மரபணு நிறைய ஓடியிருந்தால் சில சுற்றுகளிலேயே ஒளி தெரியும், குறைவாக ஓடியிருந்தால் தாமதமாகத் தெரியும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எல்லாச் செல்லிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஓடும் ஆக்டின் மரபணுவை வைத்திருந்தோம். ஆக்டின் இரண்டு வகை நாற்றிலும் ஒன்றுபோல வந்தது. கவுனியில் எஸ்.டி.1 நடுத்தரமாக வந்தது. குட்டையில் நாற்பது சுற்று முடிந்தும் ஒளி வரவே இல்லை. மூன்று செடிகளின் விதையிலும், மறுபடி மறுபடி செய்தும், அதே கதை.

அடுத்த படியில் உள்ள ஜி.ஏ.3 ஆக்சிடேஸ் மரபணுவையும் பார்த்தோம். அது குட்டையில் கூடுதலாக ஓடியது. இதற்கு விளக்கம் ஏற்கெனவே தெரிந்ததுதான். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்றால் நீர்ப்பாய்ச்சி மேல்மடையை இன்னும் திறந்துவிடுவார். அதேபோல ஜிப்ரெலின் குறைந்தால் செடி அதைத் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும், போதுமான அளவு வந்ததும் மட்டுப்படுத்தும். ஜிப்ரெலிக் அமிலம் கொடுத்த குட்டை நாற்றில் அந்த மரபணு இறங்கியும் விட்டது. எல்லாம் பொருந்தியது. ஹார்மோன் குறைவு, அதைச் செய்யும் எஸ்.டி.1 ஓடவில்லை, அடுத்த மரபணு ஈடுகட்டப் பார்க்கிறது.

எனவே எஸ்.டி.1 அடக்கப்பட்டிருக்கிறது என்று எழுதினேன். ஆய்வுக் குழுக் கூட்டத்தில் அதையே சொன்னேன்.

ஏழு மாதம்

அடக்கியது யார் என்ற கேள்வி எங்களை இழுத்துக்கொண்டு போனது. இழுத்ததற்குக் காரணமும் இருந்தது. எழுத்து மாறாமலே மரபணு அடங்கிப்போய் அதனால் நெல் குட்டையாவது நடக்காத காரியமில்லை. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எபி-டி1 என்ற நெல்லைப் பற்றி எழுதினார்கள். அதில் டி.என்.ஏ. எழுத்து அப்படியே இருக்கிறது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் குறிகள் என்ற சிறு வேதிக் குறிகள் படிவதால் அது அடங்கிப்போகிறது. அந்த அடக்கம் சில சமயம் தானாகவே விலகி, ஒரே செடியில் குட்டைத் தூரும் நெட்டைத் தூரும் சேர்ந்து நிற்கும். அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து நம் கவுனியும் அப்படித்தான் என்று மனத்தில் பதிந்துவிட்டது. கல்லூரி மாடியில் தொட்டிகளில் வளர்ந்த குட்டைச் செடிகளில் தினமும் காலையில் போய் ஒவ்வொரு தூராகப் பார்ப்பேன். ஒரு தூராவது உயர்ந்திருக்கிறதா என்று. உயரவில்லை.

மெத்தில் குறிகளை நீக்கும் 5-அசாசைட்டிடினில் விதையை ஊறவைத்துப் பார்த்தோம். அடங்கிய மரபணு எழுந்தால் நாற்று நீள வேண்டும். நாற்றுகள் நலிந்துபோயினவே தவிர, எஸ்.டி.1 ஒளி காட்டவில்லை. மருந்தின் அளவு போதவில்லை என்று எண்ணிக் கூட்டினோம், விதைகள் செத்தன. மெத்தில் குறிகளை நேரடியாகப் படிப்பதற்குத் தேவையான வேதிப்பொருளுக்குப் பணம் கேட்டு எழுதியிருந்தோம். குட்டைச் செடியின் பிள்ளைகள் எல்லாமே குட்டையாக வருவதைக்கூட, அடக்கம் அவ்வளவு உறுதியானது என்பதற்குச் சான்றாக வைத்துக்கொண்டேன். இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும் ஒரு சாதாரண ஒடுங்கு மரபணுவும் அப்படித்தான் வரும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அந்த நேரத்தில் அது ஏன் மனத்தில் ஏறவில்லை என்பதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. விடையை ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தேன்.

நொதி சேர்க்காத குழாய்

திருப்பம் வந்தது நாங்கள் குறை என்று ஒதுக்கிய ஒரு தரவிலிருந்து.

ஒவ்வொரு முறை ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும்போதும் ஒரு குழாயில் நகலெடுக்கும் நொதியைச் சேர்க்காமல் விட வேண்டும். அந்தக் குழாயில் பி.சி.ஆர். செய்தால் எதுவும் வரக் கூடாது. வந்தால் ஆர்.என்.ஏ.வோடு செடியின் சொந்த டி.என்.ஏ.வும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று பொருள். பி.சி.ஆர். எந்த இடத்தைப் பெருக்க வேண்டும் என்று காட்ட, அதன் இரண்டு முனைகளிலும் ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்தான் பிரைமர்கள். எங்கள் பிரைமர்கள் இரண்டும் ஒரே எக்ஸானுக்குள், அதாவது ஆர்.என்.ஏ.வில் தங்கும் ஒரே பகுதிக்குள், அமைந்தவை. நடுவே இன்ட்ரான், அதாவது ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதி, இருந்திருந்தால் மாசு டி.என்.ஏ. பெரிய பட்டையாகத் தனித்துத் தெரிந்திருக்கும். எங்களுக்கு இரண்டும் ஒரே அளவில்தான் வரும்.

முதல் தொகுதியில் அப்படி மாசு இருந்தது. நோட்டில் "டி.என்.ஏ. நீக்கம் சரியில்லை, திரும்பச் செய்ய வேண்டும்" என்று எழுதி, டி.என்.ஏ. துண்டுகளைப் பெரியது மேலேயும் சிறியது கீழேயுமாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லின் படத்தை ஒட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருந்தேன். ஏழு மாதம் கழித்து, முதுநிலை மாணவி ஒருத்திக்கு இந்தக் குழாய் எதற்கு என்று விளக்குவதற்காக அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மோசமான உதாரணம் ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

படத்தில் நொதி சேர்க்காத குழாய்கள் நாலு. ஆக்டின் பிரைமர் போட்டவை இரண்டு: கவுனியிலும் குட்டையிலும் மங்கலாக ஒரு பட்டை. எஸ்.டி.1 பிரைமர் போட்டவை இரண்டு: கவுனியில் மங்கலான பட்டை, குட்டையில் ஒன்றும் இல்லை.

அவள்தான் கேட்டாள், "அக்கா, மாசு ரெண்டுலயும் இருக்குன்னா, குட்டையில மட்டும் இது ஏன் வரல?"

எனக்குக் கை சில்லிட்டது. அந்தக் குழாயில் ஆர்.என்.ஏ. பற்றிய பேச்சே இல்லை. டி.என்.ஏ. இருக்கிறது என்று ஆக்டின் சாட்சி சொல்கிறது. அடங்கியிருந்தாலும் ஓடிக்கொண்டிருந்தாலும் மரபணுவின் எழுத்து அங்கே இருக்க வேண்டும், பிரைமர் அதில் ஒட்ட வேண்டும், பட்டை வர வேண்டும். வரவில்லை என்றால் நாங்கள் பிரைமர் வைத்த இடமே குட்டையில் இல்லை.

பிரைமர்களை நாங்கள் நிப்பான்பாரே என்ற ஜப்பானிய நெல்லின் மரபணுத் தொகுப்பைப் பார்த்து அமைத்திருந்தோம். 2005இல் முழுமையாக வெளியான அந்தத் தொகுப்பைத்தான் நெல் ஆய்வில் எல்லோரும் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். அந்த நெல்லில் 383 எழுத்து விழவில்லை. எங்கள் பிரைமர் ஒட்ட வேண்டிய இடத்தை அதில் தேடிக் குறித்து, விழுந்த பகுதியின் எல்லையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு பிரைமர் முழுசாக அதற்குள் உட்கார்ந்திருந்தது.

அதற்கப்புறம் நடந்தது ஒரு பகல் வேலை. இலையை இடித்து, சி.டி.ஏ.பி. கரைசலில் டி.என்.ஏ. எடுத்தேன். விழுந்த பகுதிக்கு இரண்டு பக்கமும் வெளியே நிற்கும் பிரைமர்கள் புதிதாக வந்திருந்தன. ஐ.ஆர்.8 விதை கொஞ்சம் வாங்கி அதையும் பக்கத்தில் வைத்தேன். ஜெல்லைப் புற ஊதா விளக்கில் வைத்தபோது கவுனியின் பட்டை மேலே நின்றது. மூன்று குட்டைகளின் பட்டைகளும் ஐ.ஆர்.8இன் பட்டையும் கீழே, நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் நின்றன.

மரபணுவின் வால் பக்கத்தில், விழாத பகுதியில், வேறு பிரைமர் வைத்து ஆர்.என்.ஏ.வையும் மறுபடி பார்த்தோம். எஸ்.டி.1 குட்டையிலும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதை அடக்கவில்லை. நாங்கள் காது வைத்த இடத்தில் மட்டும் எழுத்து இல்லை.

அப்படியென்றால் அது எப்படி வந்தது

ஆய்வகக் கணக்கு முடிந்தது. வீட்டில் இன்னொரு கணக்கு மிச்சம் இருந்தது. வெளி விதை வராத வயலுக்குள் இது எப்படி நுழைந்தது? இதை அப்பத்தாவிடம் கேட்காமல் தீர்த்திருக்க முடியாது.

எஸ்.டி.1 குறைபாடு ஒடுங்கு பண்பு. அப்பா, அம்மா இரண்டு பக்கமும் குறைபாடு வந்தால்தான் செடி குட்டையாகும். ஆக, குட்டை ரகத்தின் மகரந்தம் கவுனிப் பூவில் விழுந்த வருடம் வயலில் எந்த மாற்றமும் தெரியாது. அந்த மணியின் கறுப்புத் தோல் தாய்ச் செடியின் திசு. தகப்பன் யாராக இருந்தாலும் தோல் கறுப்பாகத்தான் இருக்கும். முறத்தில் போட்டுப் பொறுக்கினாலும் பிரிக்க முடியாது. அடுத்த வருடம் அந்த மணியை விதைத்தால் வரும் செடியும் நெட்டை, அரிசியும் கருமை. அப்போதும் தெரியாது. அதன் மணிகள் மூன்றாம் வருடம் முளைக்கும்போதுதான் சுமார் நாலில் ஒன்று குட்டையாக நிற்கும். அந்தக் குட்டைகளில் பெரும்பாலானவற்றின் அரிசி கறுப்பாகவே இருக்கும்.

அதாவது, நான் குட்டையைப் பார்த்த வருடத்துக்கு இரண்டு வருடம் முன்பு, கவுனி பூத்த அதே நாட்களில் பக்கத்தில் ஒரு குட்டை ரகம் பூத்திருக்க வேண்டும். இங்கேதான் எனக்குச் சிக்கல். பக்கத்து வயலில் போடுவது 110 நாள் நெல். கவுனி ஐந்து மாதப் பயிர். இரண்டையும் ஒன்றாகப் புழுதியில் விதைத்தால் அது பூத்து முடித்த ஒரு மாதத்துக்கு அப்புறம்தான் கவுனி பூக்கும். நெல்லின் மகரந்தம் சில நிமிடங்களுக்குமேல் உயிரோடு இருப்பதில்லை.

அப்பத்தா திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அந்த வருசந்தான மழை ஏமாத்துச்சு. தூறல்ல மொளச்சு, அவுக வயக்காடு பூராம் கருகிப்போச்சு. தீபாவளி கழிச்சுத் திரும்ப வெதச்சாக. நம்மளுது எப்பிடியோ தப்பிச்சிருச்சு. தையில ரெண்டு வயலும் ஒண்ணாப் பூத்து நின்னுச்சே, நீயுந்தான பொங்கலுக்கு வந்திருந்த."

விரல் விட்டு எண்ணினேன். புரட்டாசியில் முளைத்த கவுனி தை நடுவில் பூக்கும். ஐப்பசிக் கடைசியில் விதைத்த 110 நாள் நெல்லும் ஏறக்குறைய எண்பது நாளில், அதே தையில், பூக்கும்.

அப்புறம் அவர் இன்னொன்றும் சொன்னார். குட்டைகள் வந்த அந்த அறுப்பு நெல்லைக் கல்யாண வீட்டுக்காக அரைத்துப் புடைத்தபோது வெள்ளையும் தவிட்டு நிறமுமாக அரிசி கலந்து கிடந்ததாம். இங்கெல்லாம் கவுனி அரிசி கல்யாணப் பந்தியில் இனிப்பாக இலையில் விழும். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் நெய்யும் விட்டுப் பிசைந்த அந்தக் கருஞ்சோற்றில் வெள்ளைப் பருக்கை தெரிந்தால் சமையல்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். மில்லில்தான் கலந்துவிட்டார்கள் என்று அப்பத்தா நினைத்து, இரண்டு நாள் முறத்தோடு உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறார். மில் மேல் குற்றமில்லை. கறுப்பு நிறத்துக்கான மரபணுவும் அதே மூன்றாம் வருடத்தில்தான் பிரிந்து வெளியே வரும். வெள்ளையும் குட்டையும் ஒரே அறுப்பில் வந்ததற்குக் காரணம் ஒன்றே.

இது அப்பத்தாவின் விதைக்கு நல்ல செய்தி இல்லை. குட்டையைப் பிடுங்கிவிட்டால் கலப்பு போய்விடாது. குறைபாட்டை ஒரு பிரதி மட்டும் வைத்திருக்கும் நெட்டைச் செடிகள் கவுனியோடு கவுனியாக நிற்கும். பார்த்துப் பிரிக்க வழியில்லை. அதனால் மறு வருடம் நல்ல கதிர்களாகப் பொறுக்கி, ஒரு கதிரின் நெல்லை ஒரு வரிசை என்று தனித்தனியாக நட்டோம். எந்த வரிசையில் ஒரு குட்டையோ ஒரு வெள்ளையோ தலைகாட்டியதோ அந்த வரிசையையே சாப்பாட்டு நெல்லில் சேர்த்தோம். சுத்தமாக நின்ற வரிசைகள்தான் இப்போது விதைக் குதிரில் இருக்கின்றன.

ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். குழுவில் தவறை அப்படியே சொன்னேன், யாரும் கடிந்துகொள்ளவில்லை. இப்போது என் நோட்டில் ஒரு மரபணு ஓடவில்லை என்று எழுதும் முன் இரண்டு காரியம் நடந்திருக்க வேண்டும். அதே பிரைமர் அதே செடியின் டி.என்.ஏ.வில் பட்டை தர வேண்டும். மரபணுவின் இன்னொரு பகுதியில் வைத்த பிரைமரும் அதே பதிலைச் சொல்ல வேண்டும். பாரம்பரிய ரகங்களில் வேலை செய்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். நம் கவுனியின் எழுத்தும் நிப்பான்பாரேயின் எழுத்தும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க ஒரு நியாயமும் இல்லை. பிரைமர் ஒட்டாமல் போவதற்கு 383 எழுத்து விழ வேண்டியதில்லை, சரியான இடத்தில் ஓர் எழுத்து மாறினாலே போதும்.

குட்டைச் செடிகளை நான் தூக்கிப்போடவில்லை. எப்படி வந்தாலும் அது சாயாத கறுப்பு நெல். தொட்டியில் விளைந்ததில் இரண்டு கைப்பிடி அரைத்து அப்பத்தாவிடம் கொடுத்தேன். ராத்திரி ஊறவைத்துக் காலையில் வேகவைத்தார். கரண்டியால் எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்துவிட்டு, "ஒட்டலையேத்தா" என்றார். கவுனிச் சோற்றின் பிசுபிசுப்பு அதில் பாதிதான் இருந்தது.

மறுநாள் மீதி மணிகளை எடுத்து, முளை இல்லாத முனையைப் பிளேடால் நறுக்கி, வெட்டிய முகத்தில் ஒரு சொட்டு அயோடின் வைத்தேன். எங்கள் கவுனி அதில் செம்பழுப்பாக மாறும். ஒட்டாத அரிசி கருநீலமாகும். ஒரே கதிரின் மணிகளில் இரண்டு நிறமும் வந்தன, கருநீலம் அதிகமாகவும் செம்பழுப்பு கொஞ்சமாகவும். ஒட்டும் தன்மை அந்தக் குட்டைக்குள் இன்னும் பிரிந்துகொண்டிருக்கிறது. செம்பழுப்புக் காட்டிய மணிகளின் மறு பாதியில் முளை பத்திரமாக இருக்கிறது. அவற்றை ஈரத் தாளில் வரிசையாக அடுக்கி, மேலே ஒரு தட்டை மூடி வைத்திருக்கிறேன். நேற்றுப் பார்த்தபோது ஏழு முளைத்திருந்தன.